நொஷாட்டலில் பார்த்த சாம்பல் நிறக் கார்

சோலோதுர்ன்
நவம்பர் 12, புதன்

அன்பு மகள் யாதவிக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல், மூன்று நேரமும் இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டபடி எழுதுகிறேன். இருந்து என்று ஏன் எழுதினேன் என்று உனக்குத் தெரியும், குசினி வாசலில் நின்றபடி பாணைக் கடிப்பது சாப்பாடு இல்லை. கடிதம் மூன்று கிழமை பிந்திவிட்டது, அதற்கு முதலில் மன்னிப்பு. நீ மூன்று தரம் குரல் பதிந்து அனுப்பினாய், நான் மூன்று தரமும் பொறு பிள்ளை என்று மட்டும் போட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பாதியிலேயே ஓகே அம்மா என்று போட்டுவிட்டு மேசைக்குத் துணி விரிக்கப் போய்விடுவாய், அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன். காரின் இரண்டாவது திறப்பும் இந்த உறைக்குள்தான் இருக்கிறது, கிழிக்கும்போது விழுத்திவிடாதே. திறப்பைக் கண்டவுடன் அம்மா ஓம் என்று சொல்லிவிட்டா என்று நினைக்காதே, அதை வைத்தது அப்பா. கார் ஓகே, வாங்கலாம் என்று ஒரு மூச்சில் உனக்குப் போனில் சொன்னதும் அப்பாதான். அம்மா என்ன சொல்றா என்று நீ கேட்டாயாம், அம்மா எழுதுவா என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலை முடிந்தது என்று கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். என் பதில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, திருப்பிப் பார்க்காமல் ஒழுங்காக வாசித்துக்கொண்டு வா.

நீ சொன்ன ஒரு வசனத்தைத்தான் இந்த மூன்று கிழமையும் சுமந்துகொண்டு திரிந்தேன். நீ இருக்கிற ஊருக்கு மேலே, மலையில் இருக்கிற ஹோட்டலில் சேர்விஸ் முழுவதையும் உன் பொறுப்பில் தருகிறார்கள், ஆனால் தங்க அறை இல்லை, வேலை முடியும் நேரத்துக்குக் கடைசி போஸ்ட் பஸ்சும் போய்விடும், கார் இருந்தால்தான் அந்த வேலை, நவம்பர் 14 வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாய். அதெல்லாம் எனக்கு விளங்கியது. பிறகு சொன்னாய், அம்மா மனசோட ஓம் எண்டாத்தான் எடுப்பன், நான் கார் ஓடுற ஒவ்வொரு இரவும் நீங்கள் அங்க முழிச்சுக்கொண்டு இருக்கிறதெண்டா எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று. இருபத்தொரு வயதில் நீ உழைத்து எடுத்த பொறுப்பை என் பயத்துக்காக விடுவதா என்று யோசித்தால் ஒரு பக்கம் வெட்கமாக இருக்கிறது, அந்த மலை றோட்டையும், நீ வீட்டுக்கு வந்துபோக ஏறி இறங்க வேண்டிய யூலியர் கணவாயின் வளைவுகளையும் யோசித்தால் மற்றப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. போன தை மாதம் பஸ்சைத் தவறவிட்டு றோட்டால் நடந்து போனாயே, பனி வழிக்கிற வாகனம் உன்னைக் காணாமல் உரசினமாதிரிப் போனதே, அதை நீ மூன்று மாதம் ஒளித்து வைத்து வாய்தவறித்தானே சொன்னாய். நடந்தாலும் பயம், ஓடினாலும் பயம் என்றால் பிள்ளை என்ன பறப்பதா என்று அப்பா கேட்டார். அதனால்தான் அந்தக் காரை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெளிக்கிட்டேன்.

ஒக்டோபர் 25 சனிக்கிழமை நொஷாட்டலுக்குப் போனோம். விஜிதரன் மாமாவையும் கூட்டிக்கொண்டுதான். அவர் பதினாறு வருடம் கராஜில் வேலை செய்கிறவர், காரின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்வார் என்று உனக்குத் தெரியும். அவருடைய வான் வண்டியில் ஏரிக்கரையால் போகும்போது நான் என் கொப்பியை எடுத்தேன். நாற்பத்தொரு கேள்வி எழுதி வைத்திருந்தேன். விஜிதரன் மாமா கண்ணாடியால் பார்த்துவிட்டு, அக்கா நீங்கள் கார் பார்க்கப் போறீங்களோ மாப்பிள்ளை பார்க்கப் போறீங்களோ என்று கேட்டார். அப்பா உடனே, மாப்பிள்ளைக்கு உவ ஒரு கேள்வியும் கேக்கேல்ல, கேட்டிருந்தா நான் தப்பியிருப்பன் என்றார். இரண்டு பேரும் நொஷாட்டல் போய்ச் சேரும் மட்டும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால் நான் முதல் கேட்பது பெயரையும் ஊரையும் இல்லை, முந்தி விழுந்தவரோ என்றுதான். ஒருதரம் விழுந்தவர் திரும்ப விழுவார், விழுந்ததை வீட்டார் மறைப்பார்கள். கல்லூரியில் அதைப் புத்தகத்தில் படித்தேன், பிறகு வேலையில் கண்ணால் கண்டேன். காருக்கும் அதுதான் என் முதல் கேள்வி, முந்தி எங்கேயாவது மோதினதோ.

விற்கிறவர் கிளமென்ற் அண்ணை, மன்னார் ஆள், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் முப்பது வருடமாகச் சமையல். முழங்கால் சத்திரசிகிச்சை செய்தபிறகு கிளட்ச் மிதிக்க ஏலாதாம், அதனால்தான் விற்கிறார். மனைவி றஞ்சினி அக்கா குழந்தைகள் காப்பகத்தில் வேலை, பிரெஞ்சு தண்ணி மாதிரிக் கதைக்கிறா. வாசலிலேயே தட்டு நிறைய றோல்ஸ் கொண்டுவந்தா. நான் கந்தசட்டி விரதம், தேத்தண்ணி மட்டும் குடித்தேன், அப்பா எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். கார் நீ படத்தில் பார்த்ததுதான், 2011ஆம் ஆண்டுச் செடான், நாலு சில்லும் இழுக்கிற வகை, ஒரு இலட்சத்து அறுபத்து மூவாயிரம் கிலோமீற்றர். காலையில் காரை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம், குளிர்ந்தபடி வையுங்கோ என்று நான் முதல்நாளே போனில் சொல்லியிருந்தேன், சூடான எஞ்சின் பல நோயை மறைக்கும் என்று விஜிதரன் மாமா சொல்லித் தந்தது. நாங்கள் போய் இறங்கியதும் அவர் பொனற்றில், அந்த எஞ்சின் மூடியில், கையை வைத்துப் பார்த்து, சொன்ன சொல் காப்பாத்தியிருக்கினம் என்று எனக்குக் கண் காட்டினார். பெடல் றப்பரைப் பார்த்தேன், ஸ்ரியறிங்கைப் பார்த்தேன், கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டினால் அந்த இரண்டும் காட்டிக்கொடுக்கும், தேய்மானம் கணக்குக்குச் சரி. சீற் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தேன், தண்ணிக் கறை இல்லை, வெள்ளத்தில் நின்ற கார் இல்லை. டிக்கியில் விரிப்பைத் தூக்கி ஸ்பெயார் சில்லுக் கிடக்கிற குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை. சேர்விஸ் புத்தகத்தில் வருடா வருடம் முத்திரை. மோதினதோ அண்ணை என்று கேட்டேன். ஒரு கீறல்கூட இல்லைத் தங்கச்சி, கோயிலுக்கும் வேலைக்கும் ஓடின கார் என்றார். எனக்கு மனம் மெல்லமெல்ல இளகிக்கொண்டு வந்தது.

அந்த நேரம்தான் விஜிதரன் மாமா பெயின்ற்றின் தடிப்பை அளக்கிற சின்னக் கருவியை எடுத்தார். கூரையில் வைத்தார், கதவுகளில் வைத்தார், எல்லா இடமும் நூற்றுப் பத்து, நூற்றிருபது என்று காட்டியது. பொனற்றில் வைத்தார், இருநூற்று எண்பது. திரும்ப வைத்தார், அதேதான். நிமிர்ந்து, அண்ணை பொனற் திருப்பிப் பூசியிருக்கு என்று மட்டும் சொன்னார். கிளமென்ற் அண்ணை முதலில் தெரியாது என்றார். பிறகு றஞ்சினி அக்காவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஓம் ஓம், கார் எடுத்த வருசம் ஓகஸ்ட் முதலாம் திகதி வாணம் விட்டவையெல்லோ, ஒண்டு வந்து பொனற்றில விழுந்தது என்றார். றஞ்சினி அக்காவும், ஓம், நிறம் கொஞ்சம் வேறயாத் தெரியுது எண்டு நான்தான் கேட்டனான், மேல் வீட்டுப் பெடியள் விட்ட வாணம் எண்டு இவர் சொன்னவர் என்றா. நானும் சரி என்றுதான் நினைத்தேன், சுவிஸ் பிறந்தநாளுக்கு எங்கள் பால்கனியிலும் ஒருதரம் விழுந்ததுதானே. ஆனால் என் கை சும்மா இருக்குமோ, சேர்விஸ் புத்தகத்தோடு தந்த, மடியில் இருந்த பில் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தது. பெயின்ற் கடைப் பில் ஒன்று வந்தது. பிரெஞ்சு எனக்குத் தெரியாது, திகதி தெரியும்தானே. 2014, ஏப்ரல் 17.

யாதவி, அந்தத் திகதியை நான் இரண்டு தரம் வாசித்தேன். முதலில் இல்லை என்றார், பிறகு தெரியாது என்றார், பிறகு ஓகஸ்ட் என்றார், பில் ஏப்ரல் என்கிறது. விழுந்ததை மறைக்கிற வீட்டார்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அப்பாவின் சட்டையை இழுத்து, வாங்கோ போவம் என்றேன். அப்பா கையில் றோல்ஸோடு எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். நான் வெளிக்கிட்டிருப்பேன். ஆனால் நீ அந்த றோட்டால் நடந்துபோனது திரும்பக் கண்ணுக்குள் வந்தது, வெள்ளிக்கிழமைக் கையெழுத்து ஞாபகம் வந்தது. அதனால் பில்லைக் கிளமென்ற் அண்ணைக்கு முன்னால் வைத்து, அண்ணை, என்ர பிள்ளை இந்தக் காரிலதான் மலை இறங்கப் போறாள், நீங்கள் விக்காட்டியும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லுங்கோ என்று கேட்டேன். அவர் பில்லைத் தொடவில்லை. எடுத்தது றஞ்சினி அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகத் தமிழில் வாசித்தா, பொனற், நெருப்புச் சூட்டால் சேதம், உள்ளங்கையளவு, முழுவதும் திருப்பிப் பூசியது என்று. வாசித்துவிட்டு மெல்லமாகக் கேட்டா, சித்திரை மாசம் ஆரப்பா வாணம் விட்டவை என்று.

கிளமென்ற் அண்ணை முழங்காலைத் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தார். அப்படியே சொல்லத் தொடங்கினார். கார் எடுத்த கிழமை குருத்தோலை ஞாயிறு, பூசை முடிய பாதர் வந்து காரைச் சுற்றித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தாராம், றஞ்சினி அக்காவுக்குப் பெரிய சந்தோசமாம். அடுத்தநாள் திங்கள், எங்கள் வருடப்பிறப்பு. அவரோடு அதே குசினியில் வேலை செய்கிற தங்கராஜா அண்ணை மட்டக்களப்பார், எங்களைப்போலச் சைவம். வருசப்பிறப்பும் அதுவுமாப் புதுக் காருக்குக் கற்பூரம் காட்டாமல் விடக்கூடாது மச்சான், உன்ர பாதர் முன்பக்கம் பார்க்கட்டும், என்ர பிள்ளையார் பின்பக்கம் பார்க்கட்டும் என்று சொல்லி, ஹோட்டல் கார் தரிப்பிடத்தில் பொனற்றுக்கு மேல் ஒரு வெற்றிலையை வைத்து, அதில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டாராம். ஏரிப்பக்கத்துக் காற்று ஒன்று அடித்ததாம். வெற்றிலை பறந்துவிட்டது, கற்பூரம் பறக்கவில்லை, எரிந்தபடி பொனற்றில் ஒட்டிவிட்டது. தங்கராஜா அண்ணை கையில் இருந்த தேத்தண்ணியை ஊற்றி அணைத்தாராம். அணைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளங்கையளவுக்குப் பெயின்ற் கொப்பளித்து நிற்கிறதாம். பெரிய வெள்ளி வருகிற கிழமையிலே, பாதர் மந்திரித்து ஒரு நாள் முடியவில்லை, வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது. டயர் மாற்ற விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெயின்ற் கடையில் விட்டிருக்கிறார். ஓகஸ்ட் வெயிலில் றஞ்சினி அக்கா நிறத்தைக் கண்டுபிடித்ததும் வாணத்தின் தலையில் போட்டுவிட்டார்.

அப்பா இன்னும் றோல்ஸை மென்றுகொண்டிருந்தார். றஞ்சினி அக்கா, பதினொரு வருசமா இந்தப் பொய்யோட எனக்குப் பக்கத்தில இருந்து கார் ஓடியிருக்கிறீங்கள், பாதருக்குத் தெரியுமோ என்று கேட்டா. அவர், அந்தப் பெரிய வெள்ளிக்கு முந்தியே பாவசங்கீர்த்தனத்தில சொல்லிட்டன் என்றார். அப்ப ஆண்டவருக்குத் தெரியும், பாதருக்குத் தெரியும், தங்கராஜாவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது என்றா றஞ்சினி அக்கா. கோபம் வரப்போகிறது என்று நான் பயந்து பார்த்துக்கொண்டு இருக்க, அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. உடனே தங்கராஜா அண்ணைக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்க வைத்தா. அவர் எடுத்த எடுப்பில், இப்பவாவது சொல்லிட்டானோ, உங்கட வாசலில கால் வைக்கேக்க எல்லாம் அந்தப் பொனற்றைப் பார்க்காமல் வாறதுக்கு நான் பட்ட பாடு என்றார். யாதவி, இதை நான் அப்பாவுக்கும் அங்கே சொல்லவில்லை, உனக்குத்தான் முதல் சொல்கிறேன். அந்த நேரம் என் கைப்பைக்குள் ஒரு பெட்டி கற்பூரமும், பத்து வெற்றிலையும், சில்லுக்குக் கீழே வைக்க நாலு தேசிக்காயும் இருந்தன. கார் சரி என்றால் அங்கேயே பொனற்றில் வைத்துக் கொளுத்துவது என்றுதான் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். காற்று வேறு நல்லா அடித்துக்கொண்டிருந்தது. கைப்பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டேன்.

கதை நல்ல கதைதான், ஆனால் நல்ல கதை சொல்கிறவர்கள் எல்லோரும் உண்மை சொல்கிறவர்கள் இல்லை என்று என் மனம் இன்னும் ஒரு மூலையில் நின்றது. விஜிதரன் மாமாவிடம் கேட்டேன். அவர் பொனற்றைத் திறந்து ரோர்ச் அடித்து என்னையே பார்க்க வைத்தார். பொனற்றைப் பிடிக்கிற ஆணிகளில் கொம்பனி அடித்த பெயின்ற் வெடிக்கவில்லை, அதாவது ஒருவரும் அதைக் கழற்றவில்லை. முன்னுக்கு இருக்கிற குறுக்குச் சட்டம் நேர். இரண்டு முன் லைற்றிலும் அச்சடித்த ஆண்டு ஒன்று, காரின் ஆண்டுதான், மோதின கார் என்றால் ஒன்றாவது மாறியிருக்கும். இரண்டு பக்க மட்கார்ட்டிலும் பெயின்ற் நூற்றுப் பதினைந்து. பொனற் மட்டும் தனியாப் போய் ஒரு இடத்தில மோதிவிட்டு வராது அக்கா, இது கற்பூரம்தான் என்றார். அப்போதுதான் கொப்பியில் முதல் கேள்விக்குச் சரி போட்டேன்.

பிறகு சோமோன் மலைக்கு ஏறுகிற வளைவுப் பாதையில் கொண்டுபோனோம். ஏறும்போது விஜிதரன் மாமா ஓடினார், உச்சியில் நிறுத்தி இறங்கிவிட்டுத் திறப்பை என்னிடம் தந்தார். நீங்கள் ஓடிப் பார்க்காமல் உங்கட பயம் போகாது என்றார். எனக்கு லைசென்ஸ் இருந்தும் வேலைக்கும் கடைக்கும் தவிர ஓடாதது உனக்குத் தெரியும். ஓடினேன் பிள்ளை. இரண்டாம் கியரில், பிரேக்கை விட்டுவிட்டுத் தொட்டபடி, இருபது நிமிடம். அப்பா பின் சீற்றில் கைபிடியில் தொங்கிக்கொண்டு வந்தார். கார் ஒரு பக்கமும் இழுக்கவில்லை, பிரேக் நேராக நின்றது, வளைவில் அலையவில்லை. கீழே வந்து நிறுத்தியதும் என் தோள் இரண்டும் நொந்தது, பயம் எந்த வளைவில் இறங்கிப் போனது என்று தெரியவில்லை. குறை இல்லை என்று சொல்லமாட்டேன். திறப்பில் உள்ள பொத்தான் வேலை செய்யாது, கையால்தான் திருப்பித் திறக்க வேண்டும். பின் இடது சில்லுக்கு மேலே ஒரு சதக் காசளவுக்குத் துரு, விஜிதரன் மாமா வசந்தத்தில் தேய்த்துப் பூசித் தருவார். குளிர்கால டயரின் பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பார்த்தோம், எட்டு வயது, பட்டை இருந்தாலும் றப்பர் கல்லாகிவிடும் என்றார், அப்பா புதிது நாலும் போட்டுவிட்டார். இதோடு நான் ஓம் சொல்லியிருக்கலாம். ஆனால் அரசாங்கச் சோதனைக்கு விட்டுத்தான் எடுப்போம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், கிளமென்ற் அண்ணை நியாயம் என்று ஒத்துக்கொண்டார். அதன் முடிவு வராமல் அரைகுறையாக உனக்கு எழுத மனம் வரவில்லை, கடிதம் பிந்தியது அதனால்தான். போன வியாழன் பாஸ், ஒரு பல்ப்பும் வைப்பரும் மட்டும் மாற்றச் சொன்னார்கள், மாற்றியாயிற்று. கார் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது.

முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன அந்தோனியார் படம் ஒட்டியிருக்கிறது. விற்கும்போது எடுத்துத் தாறன் என்று றஞ்சினி அக்கா நகத்தால் கிளப்பப் பார்த்தா, நான் விடுங்கோ என்று சொல்லிவிட்டேன். பதினொரு வருடம் அந்தக் காரைப் பார்த்தவர், பாதை பழகியிருப்பார். பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையாருக்கு இடம் இருக்கிறது. வெளிக்கிடும்போது றஞ்சினி அக்கா என் கையில் ஒரு பழைய பீங்கான் தட்டைத் தந்தா. உங்கட ஆக்கள் எப்படியும் கற்பூரம் கொளுத்துவியள், இதில வைச்சு நிலத்தில கொளுத்துங்கோ என்று. என் கைப்பையை அவ எப்போது பார்த்தாவோ தெரியாது.

இனி என் பதில். ஓம், மகள். மனசோடுதான் ஓம். வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்தை வை. சனிக்கிழமை வந்து காரை எடு, நீ வந்தபிறகுதான் சில்லுகளுக்குத் தேசிக்காய் வைப்போம். திரும்பிப் போகும்போது கணவாயால் போகாதே, ஃபெரைனாவில் காரை ரயிலில் ஏற்றிச் சுரங்கத்தால் போ, முதல் பனிக்காலம் முழுவதும் அப்படித்தான், இதில் பேச்சு இல்லை. கூரையில் கிடக்கிற பனியையும் தட்டிவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும், கண்ணாடியில் துளை மட்டும் சுரண்டிவிட்டு ஓடக்கூடாது. டிக்கியில் கம்பளியும் பனி அள்ளுகிற சவளும் வைத்திருக்கிறேன், எடுத்து வெளியே போடாதே. இரவில் வீட்டுக்கு வந்து, காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தபிறகு வந்திட்டன் என்று ஒரு சொல் போடு. ஓடும்போது போடாதே. அந்தச் சொல்லை நான் காலையில் எழும்பித்தான் பார்ப்பேன் என்று அப்பாவுக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருக்கிறேன், அவர் நம்பவில்லை, நீ நம்பு.

பிள்ளையாரும், கூட இருக்கிற அந்தோனியாரும் உன்னை எல்லா வளைவிலும் பத்திரமாகத் திருப்பி விடட்டும், எடுத்த பொறுப்பில் நல்ல பெயர் எடு, நல்லாயிரு. பீங்கான் தட்டு முன் சீற்றுக்குக் கீழே இருக்கும். கற்பூரம் எப்போது கொளுத்தினாலும் நிலத்தில்.

இனிமேல் நித்திரை கொள்ளப் பழகும்
உன் அம்மா
சுஜீவா